ஐந்தாவது சங்கிலி

ராஜினாமாக் கடிதத்தில் ஒரு வரிதான் பாக்கி இருந்தது.

'என் கணவருடன் சேர்ந்து வாழ அமெரிக்கா செல்லவிருப்பதால்' என்பது வரை எழுதிவிட்டு ஸ்ரீலக்ஷ்மி பேனாவை மூடினாள். ஆழ்வார்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளைக் காலை இதைக் கொடுத்துவிட வேண்டும். விசா காகிதங்கள் மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்று நேற்று சாயங்காலம்தான் நிரஞ்சன் போனில் சொல்லியிருந்தான்.

"மன்னி, அந்த ஸ்டாப்வாட்ச் உன் ஹேண்ட்பேக்ல இருக்கா?"

மஹதி வாசல்நிலையில் நின்றாள். பல் தேய்த்தாயிற்று, தலை பின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்தே முக்கால்.

"இருக்கு. எதுக்கு?"

"ரத்தம் உறையறதை நொடி நொடியா எண்ணுவியோல்லியோ, அதே மாதிரி எனக்கு எண்ணித் தரணும். ஒரே ஒரு மணி நேரம். ப்ளீஸ் மன்னி."

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டாவது மாடி. பரத்வாஜ் மின்வாரியத்தில் இன்ஜினீயர். அடுத்த வருஷம் ஓய்வு. மனைவி கோமளம், அக்கா பெண்ணின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருக்கிறாள். மகன் நிரஞ்சன், கல்யாணமான ஆறாம் மாதம் நியூஜெர்ஸிக்கு வேலைக்குப் போனவன். போய் எட்டு மாதம் ஆகிறது. ஸ்ரீலக்ஷ்மி அவன் மனைவி. மஹதி அவன் தங்கை. கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

அண்ணன் விட்டுப்போன கம்ப்யூட்டர் இப்போது மஹதியுடையது. தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை அவள் இன்டர்நெட்டில் இருப்பாள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் டெலிபோன் ரிஸீவரைத் தொடக் கூடாது. தொட்டால் இணைப்பு அறுந்துவிடும். இதற்காகப் போன வாரம் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடந்த சண்டையின் சூடு இன்னும் முழுசாகத் தணியவில்லை.

"விளையாட்டுக்காக ஆத்துல இருக்கறவா எல்லாரும் ஊமையா இருக்கணுமா?" என்று பரத்வாஜ் கேட்டிருந்தார். மஹதி காலை ஆறு மணி வழக்கத்தை விடவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். போகக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதாமல் கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, பிறகு மூச்சு விட்டதுபோல அடங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"படம் எங்கே?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். படி."

ஸ்ரீலக்ஷ்மி படித்தாள். நீங்கள் ஒரு பனி மண்டபத்தில் நிற்கிறீர்கள் என்றது திரை. கூரை தெரியவில்லை. வடக்குச் சுவரில் ஓர் இரும்புக் கதவு. கதவைச் சுற்றி ஐந்து சங்கிலிகள் தொங்குகின்றன. உங்கள் மூச்சு வெண்புகையாகிறது.

அவளுக்குக் கையில் ரோமம் சிலிர்த்தது. ஆவணி மாசத்து மயிலாப்பூர். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் கழுத்தில் வியர்வை. ஆனாலும் அந்த ஐந்து வரிகள் குளிர்ந்தன.

"இங்கே உன்னைத் தவிர யார் இருக்கா?"

"இதோ, வந்துண்டே இருக்கா பார்."

ஒவ்வொரு வரியாக வந்தது. எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். நம் சௌகரியத்துக்குத் தமிழில் சொல்கிறேன். தேனீ வருகிறாள். ஓநாய் வருகிறான். இடி வருகிறான். மஹதியின் பெயர் அங்கே மின்மினி.

"தேனீ பின்லாந்துல இருக்கா. அங்கே இப்போ விடிகாலை மூணரை. ஓநாய் டொரொன்டோ, இடி ஒஹையோ. ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை ராத்திரி எட்டரை."

ஸ்ரீலக்ஷ்மி திரையையே பார்த்தாள். இந்த நிமிஷம் உலகத்தின் மூன்று மூலைகளில் மூன்று பேர் இதே மண்டபத்துக் குளிரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, ஒரு துளிக்குள் எத்தனை கூட்டம் என்று வியக்கிறவள் அவள். ஆனால் அந்தக் கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்து வணக்கம் சொன்னதில்லை. இங்கே தேனீ 'குட் மார்னிங் மின்மினி' என்றாள்.

"இவாள்லாம் நல்லவாளா?"

மஹதி சிரித்தாள். "தேனீ தங்கம். மத்தவா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ரகம். ஓநாய் எங்கே ரத்தினக்கல் பார்த்தாலும் டீமை விட்டுட்டு ஓடிடுவான். அவன் ஓடற சத்தத்துல காவல்பூதம் முழிச்சுக்கும், நாங்க நாலு பேரும் சாவோம். இடிக்கு எல்லாமே பெரிய எழுத்து, கத்தற மாதிரி. யார் தப்பு பண்ணினாலும் திட்டு, பண்ணாட்டாலும் திட்டு. நாலு வாரம் நானும் பதிலுக்குத் திட்டிப் பார்த்தேன். கீபோர்டுதான் தேஞ்சுது."

"அப்புறம்?"

"போன வாரம் யோசிச்சேன். ஓடறவனை நிறுத்த முடியலைன்னா, ஓடறதையே வேலையாக் குடுத்துட்டா என்ன? இப்போ அவன்தான் ஒற்றன். முன்னாடி ஓடிப் பூதம் எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லணும். பிரமாதமாப் பண்றான் மன்னி! கத்தறவனுக்குக் கத்தற வேலை. அஞ்சு சங்கிலியையும் ஒரே நொடியில இழுத்தாத்தான் கதவு திறக்கும். பத்திலேர்ந்து தலைகீழா எண்ணிக் கத்த வேண்டியது இடியோட பொறுப்பு. அதுலேர்ந்து திட்டு பாதியாக் குறைஞ்சுடுத்து."

"அஞ்சு சங்கிலின்னா அஞ்சு பேர் வேணுமே."

மஹதியின் முகம் மாறியது. "அஞ்சாவது ஆள்தான் தலைவலி."

சொல்லி வாய் மூடவில்லை, வரி வந்தது. நிழல் வருகிறான்.

நிழல் டீமில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சண்டை போட மாட்டான். யாருக்கும் உதவ மாட்டான். பேசவும் மாட்டான். மின்மினி எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து நிற்பான். ஆறு மணிக்கு மேல் வருவான், சரியாக ஏழு மணிக்கு, நடுச்சண்டையாக இருந்தாலும், மறைந்துவிடுவான். சங்கிலியை இழு என்றால் எல்லோரும் இழுத்து முடித்த பிறகு இழுப்பான்.

"அவனைத் தூக்கு, இல்லாட்டா நான் போறேன்னு இடி ரெண்டு வாரமாச் சொல்லிண்டிருக்கான். இன்னிக்கும் கதவு திறக்கலைன்னா தூக்கிடறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். நான்தானே கேப்டன்."

முதல் முயற்சி ஆறே முக்காலுக்குச் சற்று முன்னால் நடந்தது. அதுவரை ஓநாய் மூன்று தாழ்வாரங்கள் ஓடி, பூதம் தெற்குக் கோடியில் தூங்குகிறது என்று செய்தி கொண்டுவந்திருந்தான். தேனீ எல்லோருடைய காயத்துக்கும் மருந்து போட்டிருந்தாள். இடி எண்ணினான். பெரிய எழுத்துகளில் பத்து, ஒன்பது, எட்டு. ஸ்ரீலக்ஷ்மியின் கட்டைவிரல் தன்னாலேயே ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது.

நான்கு சங்கிலிகள் கிறீச்சிட்டன. கதவு அசைந்தது. ஐந்தாவது சங்கிலி அசையவில்லை. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் நிழல் சங்கிலியை இழுத்தான்.

இடி வெடித்தான். திரை முழுக்கப் பெரிய எழுத்து. 'தூக்கு அவனை! இங்கே மணி ஒன்பது பன்னிரண்டு. ஒன்பதரைக்கு நான் கிளம்பியாக வேண்டும். இன்னும் எத்தனை வாரம்?' என்றான். ஓநாயும் அதையே சொன்னான். தேனீ ஒன்றும் சொல்லவில்லை.

மஹதி நீக்குவதற்கான கட்டளையை அடித்தாள். நிழலின் பெயரையும் அடித்தாள். என்டர் பொத்தான் மட்டும் பாக்கி.

"ஏன் லேட்டா இழுக்கறான்னு அவனை எப்பவாவது கேட்டியா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"அவன்தான் பேசவே மாட்டானே."

"நீ தனியாக் கேட்டியா?"

மஹதி அடித்ததை அழித்துவிட்டு, நிழலுக்கு மட்டும் கேட்கும்படி எழுதினாள்: 'உனக்கு என்ன பிரச்சினை? கோபமில்லாமல் கேட்கிறேன்.'

ஒரு மாதத்தில் முதல் தடவையாக நிழல் ஒரு முழு வாக்கியம் பேசினான்.

'இந்த இடத்தில் லைன் மெதுவாக இருக்கிறது. நான் அடிப்பது தாமதமாகப் போகிறது. மன்னித்துவிடு. ஏழு மணி வரைதான் என் நேரம். இன்னும் பதினெட்டு நிமிஷம்.'

"பாவம். சரியான காரணம்தானே?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

மஹதியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஆறு நாற்பத்திரண்டு. மறுபடி திரைக்கு வந்தது. இடி எழுதிய வரி இன்னும் அங்கேயே இருந்தது. ஒன்பது பன்னிரண்டு.

"மன்னி," என்றாள் மெதுவாக. "இந்த மண்டபத்துல இருக்கற அத்தனை பேர் கடிகாரத்துலயும் மணி முள்தான் வேற வேற இடத்துல இருக்கும். நிமிஷ முள் ஒரே இடம். பின்லாந்துல நாலு பன்னெண்டு. டொரொன்டோல ஒம்பது பன்னெண்டு. நமக்கு மட்டும்தான் அரை மணி தள்ளி. நாற்பத்திரண்டு."

"அதனால?"

"ஏழு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம்னு எழுதறான். அவன் கடிகாரத்துலயும் நாற்பத்திரண்டுன்னா..."

"அப்போ அவனும் இந்தியாவுலதான் இருக்கான்!" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

மஹதி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள்: 'நீங்க தமிழா?'

பதில் இல்லை. ஸ்ரீலக்ஷ்மி ஏனென்று தெரியாமல் நொடிகளை எண்ணினாள். பத்து. இருபது. முப்பத்தைந்து. மண்டபத்தில் இடி எதையோ கத்திக்கொண்டிருந்தான். ஓநாய் எங்கோ ஓடிப்போய்த் திரும்பி வந்தான். ஐம்பது.

வரி வந்தது.

'கண்டுபிடிக்க இவ்வளவு நாளா அசட்டு மஹிக்கு?'

மஹதியின் கை கீபோர்டிலிருந்து விலகி மடியில் விழுந்தது. அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒரே ஒருத்தன். இந்த மண்டபத்தின் வாசலை அவளுக்கு முதலில் காட்டியவனும் அவன்தான். அமெரிக்கா போனதும், இனி இதற்கெல்லாம் நேரமில்லை, நீ விளையாடு என்று சொல்லிவிட்டுப் போனவன்.

"அண்ணா," என்றாள். திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

ஸ்ரீலக்ஷ்மி எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று போனில் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் அவள் ஒன்று கேட்டால் அது கடல் தாண்டிப் போய்ப் பதில் திரும்பி வர ஒரு மூச்சு நேரம் ஆகும். சில வாரங்களாக அந்த இடைவெளி இல்லை. 'இப்பல்லாம் லைன் ரொம்ப நன்னா இருக்கே' என்று அவளே சந்தோஷப்பட்டுச் சொல்லியிருக்கிறாள். அவன் பேச்சை மாற்றியிருக்கிறான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரும், பின்னால் நிறையவே வரும். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு வேறொன்று நடந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக இந்த வீட்டின் ஓர் அறையில், ஒரு கறுப்புத் திரைக்குள், தினமும் ஒரு மணி நேரம் தன் கணவன் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான். அவள் அப்போது சமையலறையில் காபி டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்திருப்பாள். நடுவில் ஒரே ஒரு சுவர்.

"இந்த வரிலதான் நிக்கறாரா?" என்று திரையைத் தொட்டாள். கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது.

"ஆமாம் மன்னி."

"நான் எழுதலாமா?"

ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். 'நான் ஸ்ரீ. பக்கத்துலதான் இருக்கேன்.'

இந்த முறை எண்ணவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ. வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த மெதுவான லைனின் தயக்கம்.

'வந்து நாற்பது நாள் ஆச்சு.'

'வேலையை விட்டு யாரும் அனுப்பலை. நானாத்தான் வந்தேன். ஏன்னு இதுல எழுத முடியாது. நேர்லதான் சொல்லணும்.'

'போன்ல பேசினாப் பொய் சொல்லணும். இங்கே பேசாம நிக்கலாம். மஹி நடக்கற இடத்துக்குப் பின்னாடியே போனா நம்மாத்துல இருக்கற மாதிரி இருந்தது.'

"போன் ப்ரீயாச்சா? பெங்களூருக்கு ஒரு கால் பண்ணணும்."

பரத்வாஜ் வாசலில் நின்றார். கையில் மடித்த செய்தித்தாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "என்னம்மா ஆச்சு?"

மறைக்க நேரமில்லை. மஹதி நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, கீழிருந்து மேலாக ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். அலுவலகத்திலும் காலனியிலும் எத்தனை பேரிடம் 'பையன் ஸ்டேட்ஸ்ல' என்று சொல்லியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. ஸ்ரீலக்ஷ்மி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இது இப்போ, இந்த நிமிஷம் அவன் எழுதறதா?"

"ஆமாம்ப்பா."

"இந்த மத்த வரியெல்லாம்?"

"இது டொரொன்டோ. இது ஒஹையோ. தேனீங்கறவ பின்லாந்து."

முப்பத்தாறு வருஷமாக ஊரெங்கும் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுத்தவர் அவர். கம்பி வழியாக விளக்கு எரியும், மோட்டார் சுற்றும் என்று தெரியும். அதே மாதிரியான ஒரு கம்பிக்குள் ஐந்து பேர் ஒரு கதவுக்கு முன்னால் குளிரில் காத்து நிற்க முடியும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மெதுவாகக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

'எதற்காகக் காத்திருக்கிறோம்?' என்று இடி கத்தினான். 'ஒன்பது இருபது!'

மஹதி அப்பாவைப் பார்த்தாள், மன்னியைப் பார்த்தாள். "இவாளை என்ன பண்றது? போகச் சொல்லிடவா?"

"கதவு திறக்கணுமோல்லியோ?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சை எடுத்தாள். "அவர் எவ்வளவு லேட்டுன்னு முதல்ல பார்ப்போம். நீ 'இப்போ'ன்னு எழுது. பார்த்தவுடனே அவரை ஒரு புள்ளி வைக்கச் சொல்லு."

ஆறு நொடி. இன்னொரு தடவை பார்த்தார்கள். ஆறு. மூன்றாவது தடவை ஆறரை.

"இவ்வளவுதானே?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "இடி பத்திலேர்ந்து எண்ணட்டும். மத்தவா பூஜ்யத்துல இழுக்கட்டும். இவர் ஆறுன்னு பார்த்த உடனே இழுத்துடணும். இவர் லேட்டுன்னா, முன்னாடியே கிளப்பிட்டாப் போச்சு."

மஹதி எழுதினாள். இடிக்கும் எழுதினாள். 'இதுவும் நடக்கவில்லை என்றால் நானே விலகிக்கொள்கிறேன். ஆனால் அவனை அனுப்ப மாட்டேன்.'

இடியிடமிருந்து பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண் வந்தது.

பத்து.

"பத்து," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, வாய்விட்டு. "ஒம்பது. எட்டு."

"ஏழு," என்றார் பரத்வாஜ். தான் எண்ணுவது அவருக்கே தெரியவில்லை.

"ஆறு!"

எங்கோ ஓரிடத்தில் ஓர் ஆள் ஒரு பொத்தானை அழுத்தியிருப்பான். அழுத்தினானா இல்லையா என்பது தெரிய இன்னும் ஆறு நொடி. அந்த ஆறு நொடியை மயிலாப்பூரில் மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தார்கள். மூன்று. இரண்டு. ஒன்று. மஹதி என்டரைத் தட்டினாள்.

தேனீ சங்கிலியை இழுக்கிறாள். இடி சங்கிலியை இழுக்கிறான். மின்மினி சங்கிலியை இழுக்கிறாள். ஓநாய் சங்கிலியை இழுக்கிறான்.

நிழல் சங்கிலியை இழுக்கிறான்.

திரை ஒரு கணம் காலியாக இருந்தது. பிறகு எழுத்துகள் வேகமாக வந்தன. இரும்புக் கதவு கூரை அதிரத் திறக்கிறது. உள்ளே பனி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரே சமயத்தில் பூத்த ஆயிரம் மரங்கள், அவற்றின் மேல் அசையாமல் நிற்கும் விடியல். ஐந்து பேரும் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள். இந்தக் கதவை இதற்கு முன் யாரும் திறந்ததில்லை.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஸ்ரீலக்ஷ்மிக்கு அந்த மரங்கள் தெரிந்தன. எப்படித் தெரிந்தன என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

இடி எழுதினான், முதல் தடவையாகச் சின்ன எழுத்தில். 'நன்றி, நிழல்.' தேனீ அழுகிறேன் என்றாள். ஓநாய் எந்தப் பக்கமும் ஓடவில்லை.

ஆறு ஐம்பத்தெட்டு. ஸ்ரீலக்ஷ்மி மறுபடி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

'எங்கே இருக்கேள்?'

'அடையார். டிப்போவுக்குப் பின்னாடி ஒரு எஸ்.டி.டி. பூத். உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு.'

அமெரிக்கா என்று நினைத்திருந்த தூரம் ஓர் ஆற்றுப் பாலமாகச் சுருங்கியது.

அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். செருப்பைத் தேடும்போது பின்னால் பரத்வாஜின் குரல் கேட்டது. "இரும்மா, நான் சட்டை போட்டுண்டு வரேன்."

"மஹதி, அவரை அங்கேயே இருக்கச் சொல்லு," என்று படியிறங்கியபடியே சொன்னாள்.

முனையில் நின்ற ஆட்டோவை வைரவன் என்பவர் ஓட்டினார். ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டியது. திரு.வி.க. பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று அடித்தது. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை.

"ஏன்பா, இவ்ளோ காலைல அவசரமா? ஆஸ்பத்திரியா?" என்றார் வைரவன்.

"இல்லை. பையன் ஊர்லேர்ந்து வந்திருக்கான்," என்றார் பரத்வாஜ்.

"எந்த ஊரு?"

பரத்வாஜ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பூத்தின் முன்னால் ஆட்டோ நின்றது. ஸ்ரீலக்ஷ்மி இறங்கினாள். பரத்வாஜ் இறங்கவில்லை. "நீ போம்மா," என்றார். "நீதான் முதல்ல போகணும்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த உமர் ஃபாரூக் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, லோக்கலா, எஸ்.டி.டி.யா?"

"உள்ள கம்ப்யூட்டர்ல ஒருத்தர்..."

"அவரா? டெய்லி ஒரு மணி நேரம்தான் குந்துவாரு. இன்னிக்கு ரெண்டாவது மணி நேரமும் போட்டுக்கினு அப்டியே குந்திக்கினு கீறாரு. காலைலேர்ந்து டீ கூடக் குடிக்கல. போய்ப் பாரும்மா."

மரத்தடுப்புக்குப் பின்னால் சின்ன அறை. இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்று அணைந்திருந்தது. அவன் முதுகு தெரிந்தது. இளைத்திருந்தான். பின்கழுத்தில் முடி வெட்டாமல் இறங்கியிருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே மஹதியின் வரி மெதுவாக வந்து நின்றது. 'இந்நேரம் பாலம் தாண்டியிருப்பா. எழுந்து போயிடாதே அண்ணா.'

"தாண்டியாச்சு," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அவன் திரும்பினான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பாதியிலேயே நின்றான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு வரவில்லை. எட்டு மாதம் எழுத்தாகவும் குரலாகவும் மட்டுமே இருந்தவன், கைக்கடியில் சூடாக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"ஸ்ரீ, நான் எதுக்கு வந்தேன்னா..."

"சொல்லுவேள். நம்மாத்துக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஆட்டோல உட்கார்ந்திருக்கார்."

நிரஞ்சன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். "என்னால அவரைப் பார்க்க முடியாது ஸ்ரீ. என்னன்னு சொல்லுவேன்?"

முன்பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு பரத்வாஜின் குரல், உமர் ஃபாரூக்கிடம்.

"உள்ள இன்னொரு மெஷின் காலியா இருக்கா?"

"கீதே சார்."

"எனக்கும் ஒரு மணி நேரம் போடுங்கோ."

அவர் மரத்தடுப்பைச் சுற்றி உள்ளே வந்தார். மகனைப் பார்க்கவில்லை. அணைந்திருந்த கம்ப்யூட்டரின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் தோளோடு தோள் இடிக்கிற அந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகனின் திரையில் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கு இருந்தது. அதை ஒரு முறை மெதுவாக, முழுக்கப் படித்தார்.

பிறகு, தன் முன்னால் இருந்த இருட்டுத் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இதுக்குள்ள எப்படிடா வரது?"

நிரஞ்சன் கையை நீட்டி அப்பாவின் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தான். அது முனகி, விழித்து, கடைசியில் ஒரு கேள்வியோடு வந்து நின்றது. உங்கள் பெயர் என்ன?

பரத்வாஜ் இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார்.